விடுமுறைக் கதைகள்: ஒரு சின்ன உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மதுரைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளி திறந்ததும் லீவுக்கு எங்கே போனீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு பையன் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய் வந்திருக்கிறான். ரயில் பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடலையே பார்த்தானாம். அவன் சொல்லச் சொல்ல வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது.

1914-இல் திறந்த பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே விரியும்படி இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் மாதிரி நேராக உயரும். கரும்பலகையில் வரைந்து காட்டியும் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. நீங்களே எடுத்த வீடியோ இருந்தால் பகிருங்கள்.

அப்புறம் இன்னொன்று, இதுதான் மனதை உறுத்துகிறது. எங்கேயும் போகாத ஏழெட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் பாட்டியோடு ஆடு மேய்த்ததாக மெதுவாகச் சொன்னாள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட நல்ல கதையாகப் பட்டது. அவர்களும் கூச்சமில்லாமல் பேச, கேள்வியை எப்படி மாற்றிக் கேட்கலாம்? தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மறுபடி கதை பேச உட்காருகிறோம்.