வேப்ல "டொபாக்கோ" ஃப்ளேவர்னு வாங்கினா பாயாசம் மாதிரி இருக்கு, ஏன்?

ஈஸ்ட்ஹாம்_மணி:

வணக்கம் மக்களே. காலேஜ் செகண்ட் இயர்ல டீக்கடையில ஆரம்பிச்ச தம், இப்ப 34 வயசு, லண்டன் வந்து எட்டு வருசம் ஆச்சு, இன்னும் ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டுன்னு ஓடுது. இங்க ஒரு பாக்கெட் 16 பவுண்டு, அத கூட தாங்கிட்டேன், போன வாரம் பொண்ணு தூக்கச் சொல்லி கிட்ட வந்துட்டு "அப்பா நாத்தம்"னு மூக்க பொத்திக்கிட்டு திரும்பி அம்மாகிட்ட ஓடிட்டா, அப்பதான் சரி போதும்டான்னு வேப் (இ-சிகரெட்) கடைக்கு போனேன். கடைக்காரர் ரீஃபில் பண்ற பாட் வேப் ஒண்ணும், மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் சால்ட், டொபாக்கோ ஃப்ளேவர்னு 10 மில்லி பாட்டில் ரெண்டும் குடுத்தாரு. சிகரெட்லேருந்து வர்றவங்க எல்லாம் இதுதான் வாங்குவாங்கன்னு சொன்னாரு.

வீட்டுக்கு வந்து இழுத்தா சேமியா பாயாசத்துல வேர்க்கடலைய வறுத்துப் போட்ட மாதிரி இருக்கு!! புகையிலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அச்சு அசலா பண்றானுங்க, சிகரெட் டேஸ்ட் மட்டும் ஏன் வர மாட்டேங்குது, இத்தனைக்கும் ரெண்டுலயும் நிக்கோட்டின் ஒண்ணுதானே. தொண்டையில அந்த பிடிக்கிற ஃபீலும் இல்ல. கடைக்காரர் ஏமாத்திட்டாரா இல்ல எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சா?

சும்மா_வந்தவன்:

பாயாசம்னா முந்திரி இருந்துச்சா ப்ரோ

வெண்ணிலா_எசன்ஸ்:

நான் ஃப்ளேவர் லேப்ல வேலை பாக்குறேன். பிஸ்கட், கிரிஸ்ப்ஸ், ஐஸ்க்ரீம் இதுங்களுக்குத்தான், வேப் நாங்க பண்றதில்ல, ஆனா உள்ள போற வாசனைச் சரக்கு முக்காவாசி ஒண்ணுதான். கடைக்காரர் ஏமாத்தல.

முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. மிச்சம் இருக்கற பாக்கெட்லேருந்து ஒரு சிகரெட்ட எடுத்து, பத்த வைக்காம, விரல்ல மெதுவா உருட்டி மூக்குகிட்ட வச்சு மோந்து பாருங்க. உலர்ந்த திராட்சை, வைக்கோல், கொஞ்சம் கோகோ, லேசா தேன், இப்படி ஒரு வாசனை வரும். புகையிலை வாசனைன்னா அதுதான். நீங்க இவ்வளவு வருசமா சிகரெட் டேஸ்ட்னு நினைச்சிட்டு இருக்கறது அந்த இலை எரிஞ்சா வர்ற வாசனை. லிக்விட் பண்றவன் பத்த வைக்காத இலைய காப்பி அடிக்கிறான், நீங்க பத்த வச்சத தேடுறீங்க, ரெண்டு பேரும் வேற வேற பஸ்ஸுக்கு நிக்கிறீங்க.

இழுக்கும்போது சிகரெட் நுனி கிட்டத்தட்ட 900 டிகிரி செல்சியஸ் போகும். வேப்ல லிக்விட்ட சூடாக்கற காயில் சாதாரணமா 200, 250 பக்கம். வடை சுடற எண்ணெயே 180 டிகிரி வரும், அதவிட கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த சூட்டுல எதுவும் எரியாது, ஆவியாகும். சிகரெட்ல இலையில இருக்கற சர்க்கரை, புரதம், கூட ஃபேக்டரியில சேக்கற சர்க்கரை, கோகோ, அதிமதுரம் எல்லாம் சேர்ந்து எரிஞ்சு, கருகி, உடைஞ்சு வேற வேற பொருளா மாறுது. தோசை ஓரம் சிவக்குதுல்ல, அங்க நடக்கற வேலைதான், ஆனா கரியாகற வரைக்கும் போகுது. அப்படி வர்ற புகையில 7000க்கு மேல கெமிக்கல்ஸ். வேப் பாட்டில்ல என்ன இருக்கு? பிஜி (புரொப்பிலீன் கிளைகால்), விஜி (காய்கறி கிளிசரின்), நிக்கோட்டின், அப்புறம் கொஞ்சம் வாசனைப் பொருள். மாம்பழம் சுலபமா வர்றதுக்கு காரணம் இருக்கு, அத எரிச்சு யாரும் தின்னதில்ல, ரெண்டு மூணு முக்கியமான வாசனைய சரியா போட்டா மூளை மீதிய தானா நிரப்பிக்கும். புகைக்கு அப்படி ஒரு ரெண்டு மூணு பொருள் கிடையாது, அந்த மொத்த கலவரம்தான் அதோட ருசி.

உங்க பாயாசத்துக்கும் விளக்கம் இருக்கு. டொபாக்கோ ஃப்ளேவர்ல அடிக்கடி போடற ஒண்ணு அசிட்டைல் பைரசின், பாப்கார்ன், வறுத்த கடலை வாசனை. இன்னொண்ணு எத்தில் மால்டால், பஞ்சுமிட்டாய் வாசனை. கூட வெனிலா. போதாததுக்கு விஜின்றது கிளிசரின், அதுவே இனிக்கும். இந்த வகையில பழைய பேர் போன ரெசிபி ஆர்ஒய்4னு ஒண்ணு, கேரமல் வெனிலா புகையிலை. ஆர்ஒய்னா ருயான், 2003 வாக்குல சீனாவுல ஹான் லிக்னு ஒரு பார்மசிஸ்ட் இ-சிகரெட் கண்டுபிடிச்சாருல்ல, அந்த கம்பெனி பேரு. சீன மொழியில அதுக்கு "புகை மாதிரி"ன்னு அர்த்தமாம். பேர்லயே மாதிரின்னுதான் சொல்லியிருக்காங்க :)

ஈஸ்ட்ஹாம்_மணி:

அண்ணே சூப்பர். அப்போ அந்த கருகின வாசனையையும் கொஞ்சம் சேத்து விட்டா என்ன? கிரிஸ்ப்ஸ்ல ஸ்மோக்கி பார்பிக்யூ எல்லாம் வருதே

வெண்ணிலா_எசன்ஸ்:

சேக்கறாங்க. குவயகால்னு ஒரு பொருள் இருக்கு, விறகுப் புகை வாசனை அதுலதான் பெரும்பாலும். துளியூண்டு போட்டா லேசா புகை தெரியும், ஒரு பொட்டு கூடிட்டா ஆஷ்ட்ரே கழுவின தண்ணி, இல்லேன்னா பேக்கன் கிரிஸ்ப்ஸ். நான் ஆபீஸ்ல ஒரு தடவ பாட்டில் மூடி சரியா போடாம வச்சிட்டேன், ரெண்டு நாள் மொத்த ஃப்ளோரும் தீப்பிடிச்ச வீடு மாதிரி நாறுச்சு, மேனேஜர் இன்னும் சொல்லிக் காட்டுவாரு. இன்னொண்ணு, சாப்பாட்டுல போடறது வேற நுரையீரலுக்குள்ள போறது வேற. பட்டர் வாசனைக்கு டயசெட்டைல்னு ஒண்ணு, தின்னா பிரச்சனை இல்ல, ஆனா 2000 வாக்குல அமெரிக்காவுல மிசோரியில பாப்கார்ன் ஃபேக்டரியில அதோட ஆவிய சுவாசிச்ச தொழிலாளிங்களுக்கு நுரையீரல் போச்சு. இங்க யுகேல நிக்கோட்டின் இருக்கற வேப் லிக்விட்ல அத போடக் கூடாது.

தொண்டை விஷயம்: அது டேஸ்ட் இல்ல, குத்தல். நிக்கோட்டின் சாதாரணமா காரத்தன்மை (ஆசிட்டுக்கு எதிர், ஆல்கலைன்) உள்ளது, மிளகு மாதிரி தொண்டையில பிடிக்கும். உங்களுக்கு குடுத்தது சால்ட், பென்சாயிக் ஆசிட் மாதிரி ஏதாவது சேத்து அந்த குத்தல அடக்கியிருப்பாங்க, அதனாலதான் 20 மில்லிகிராம் இழுத்தும் ஒண்ணும் தெரியல. 2015ல ஜூல்னு அமெரிக்க வேப் ஒண்ணு வந்தப்ப அது ஓடினதுக்கே இந்த சால்ட் பெரிய காரணம். குத்தல் வேணும்னா அந்த ஆசிட் சேக்காத ஃப்ரீபேஸ் நிக்கோட்டின் கேளுங்க, பிஜி பாதி விஜி பாதி உள்ளது. ஆனா 20ல எடுத்திராதீங்க இருமியே செத்துருவீங்க, 6 இல்ல 12 பாருங்க.

வடலியடி:

தம்பி மணி, நானும் உதே வழியால வந்தனான். 22 வருசம் இழுத்தனான், ஹரோவில இருக்கிறன், வயசு 51. எங்கட அப்பு ஊரில புகையிலைத் தோட்டம் செய்தவர். இலையை வெட்டிப் பாடம் போட்டு, குடிலுக்கை கட்டித் தூக்கி, கீழ தேங்காய்ப் பொச்சுமட்டை எரிச்சுப் புகை போடுவினம். அந்த நேரம் ஒழுங்கையால போனாலே மணம் தெரியும். வேப் கடையில டொபாக்கோ எண்டு போத்தலில கண்டவுடன அந்த மணம் வரும் எண்டு நினைச்சு வாங்கினன், வந்தது தொதல் எண்ட இனிப்புப் பலகாரத்தின்ர மணம்!

பிறகு ஒருத்தர் சொல்லி, உண்மையான புகையிலை இலையை ஊற வைச்சு எடுக்கிற லிக்விட் வாங்கிப் பாத்தன், அதுக்கு நெட் எண்டு சொல்லுவினம். அது கொஞ்சம் கிட்ட வரும், மண் மணம் மாதிரி, நல்ல சுருட்டுப் பெட்டியைத் திறந்த மாதிரி. ஆனா காயில் மூண்டு நாளில கறுத்துப் போகும், களி மாதிரிப் படிஞ்சிடும், பிறகு இழுத்தா எரிஞ்ச துணி மணம். காயில் வாங்கியே காசு போச்சுது. அதோட அதிலயும் சிகரெட் இல்லை தம்பி, இலைதான் இருக்கு. மேல அவர் சொன்னது சரி.

கடைசியில நான் மிண்டுக்கு மாறிப்போட்டன். சிகரெட்டோட ஒப்பிட ஒண்டும் இல்லாத சாமானா எடுத்தாத்தான் மனம் ஒப்பிடாம விடும். மூண்டு நாலு கிழமையில மூக்கு திரும்ப வந்துது, மனுசி கறிக்கு ரம்பை போட்டதை மாடியில இருந்தே கண்டுபிடிச்சன். அதுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில கூட்டாளி ஒருத்தர் வெளிய கூப்பிட்டு ஒரு சிகரெட் தந்தார், ரெண்டு இழுவை, ஈரச் சாம்பலை நக்கின மாதிரி. உதுக்கே 22 வருசம் காசு குடுத்தனான் எண்டு சிரிப்பு வந்துது.

தாம்பரம்_டெக்கி:

இங்க சென்னையில ஒரு ஃப்ரெண்டு ஆன்லைன்ல வாங்குறான், வாட்டர்மெலன் ஐஸ். வெறும் தண்ணி ஆவிதான்னு சொல்றான். நானும் சிகரெட் விடறதுக்கு வாங்கலாமா

நைட்_ஷிஃப்ட்_அக்கா:

தம்பி தாம்பரம், தண்ணி ஆவி இல்ல, அத யாரு சொன்னாலும் நம்பாதீங்க. கிளிசரின், பிஜி, நிக்கோட்டின், வாசனைப் பொருள் எல்லாம் நுண்துளியா போகுது, சூட்டுல கொஞ்சம் வேற பொருளும் உருவாகும். இந்தியாவுல 2019லேருந்து விக்கறது, இறக்குமதி பண்றது, விளம்பரம் பண்றது எல்லாமே தடை, முதல் தடவ மாட்டினா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் வரலாம். அதனால அங்க கைக்கு வர்ற எதுக்கும் கேள்வி கேக்க ஆள் கிடையாது, பாட்டில்ல நிக்கோட்டின் 2 சதவீதம்னு போட்டிருந்தா அது 2தானா 5ஆன்னு யாருக்கும் தெரியாது. 2019, 2020ல அமெரிக்காவுல வேப் இழுத்து நுரையீரல் கெட்டு 68 பேர் செத்துப்போனாங்க, பெரும்பாலும் கள்ளச் சந்தை கஞ்சா எண்ணெய் கார்ட்ரிட்ஜ்ல கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் காரணம்னு சொன்னாங்க. உங்களுக்கு நிக்கோட்டின் கம், பேட்ச் மருந்துக்கடையிலயே கிடைக்கும், டாக்டர்கிட்ட கேட்டு அத பாருங்க.

மணி, லீவுக்கு ஊருக்கு போகும்போது அந்த வேப் மெஷின பெட்டியில போட்டு எடுத்துட்டு போயிராதீங்க, ஏர்போர்ட்ல வம்பு.

இப்ப உங்க கேள்விக்கு. நான் இங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். ரெண்டுலயும் நிக்கோட்டின் ஒண்ணுதானேன்னு கேட்டீங்கல்ல, நிக்கோட்டின் ஒண்ணுதான், கூட வர்ற கூட்டாளிங்கதான் வேற. சிகரெட் இழுத்தா பத்து இருபது செகண்டுக்குள்ள மூளைக்கு போயிரும், வேப்ல பெரும்பாலும் அந்த வேகமும் அளவும் வராது. அதோட புகையில வேற சில பொருளும் இருக்கு, மூளையில டோபமைன உடைக்கற எம்ஏஓ என்சைம அடக்கி வைக்கும், வேப்ல அது பெரிசா இல்ல. அதனால "டேஸ்ட் வரல"ன்னு என்கிட்ட சொல்றவங்க பாதிப் பேர் உண்மையில சொல்றது "ஏறல"ன்னுதான், ரெண்டையும் நாக்கு பிரிச்சுப் பாக்காது. இதுக்கு பேட்ச் ஒண்ணு ஒட்டிக்கிட்டு, மேல அவசரத்துக்கு வேப் இழுக்கறதுன்னு சேத்து செய்யலாம், உங்க ஏரியா ஸ்டாப் ஸ்மோக்கிங் சர்வீஸ்ல இலவசமா ஆள் உக்காந்து பேசுவாங்க, வெட்கப்படாம போங்க. விடறதுக்கு நிக்கோட்டின் வேப் பேட்ச், கம்மவிட அதிகம் உதவுதுன்னு மருத்துவ ஆய்வுகள சேத்து அலசற காக்ரேன் அமைப்போட ஆய்வுத் தொகுப்பே சொல்லுது. சிகரெட்டே பிடிக்காதவங்க இத தொடவே வேண்டாம்.

உட்லண்ட்ஸ்_வாசி:

சிங்கப்பூர்லேருந்து. இங்க வேப் கையில வச்சிருந்தாலே குற்றம், எட்டோமிடேட்னு மயக்க மருந்து கலந்த வேப் பாட் புழங்க ஆரம்பிச்சதும் 2025 செப்டம்பர்ல அந்த மருந்த போதைப்பொருள் பட்டியல்லயே போட்டாங்க. மலேசியா பக்கம் ஜோகூர்லேருந்து பாலம் தாண்டி வர்றப்ப மறந்துகூட பாக்கெட்ல வச்சிராதீங்கப்பா. டேஸ்ட் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, படிச்சேன், அவ்வளவுதான்.

ஈஸ்ட்ஹாம்_மணி:

மூணு வாரம் கழிச்சு அப்டேட். அன்னிக்கே அந்த டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். கிச்சன்ல லைட் போடாம நின்னு சிகரெட்ட உருட்டி உருட்டி மோந்துட்டு இருந்தேன், உண்மையிலயே உலர் திராட்சை வாசனை, இத்தனை வருசத்துல ஒரு தடவ கூட கவனிச்சதில்ல, இதுல என்ன கொடுமைன்னா அந்த நேரம் பாத்து வீட்டுக்காரம்மா தண்ணி குடிக்க வந்துட்டா. ஃப்ளேவர் கெமிஸ்ட்ரின்னு விளக்கினேன். நம்பல.

வடலியடி அண்ணே சொன்ன மாதிரி மிண்டுக்கு மாறிட்டேன், பேட்சும் ஒட்டியிருக்கேன். பதினோரு நாள் சிகரெட் இல்ல, நடுவுல ஒரு நாள் ஆபீஸ் பார்ட்டியில ரெண்டு பிடிச்சேன், பொய் சொல்லல. காலையில டீ குடிச்சதும் மட்டும் கை தானா பாக்கெட்டுக்கு போகுது, அதுக்கு ஒரு ஃப்ளேவரும் இல்ல போல. அந்த பாயாசம் ஒண்ணரை பாட்டில் மிச்சம் இருக்கு, என்ன பண்றது, சிங்க்ல ஊத்திடலாமா?

வடலியடி:

ஐயோ சிங்கில ஊத்தாதேயும். 20 மில்லிகிராம் நிக்கோட்டின், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, இனிப்பா வேற மணக்கும். மூடியை இறுக்கிப் பூட்டி உயரத்தில வைச்சிட்டு, வாங்கின கடையில கேளும், இல்லாட்டி கவுன்சிலின்ர கழிவு எடுக்கிற இடத்தில குடும்.

சும்மா_வந்தவன்:

கடைசி வரைக்கும் முந்திரி பத்தி யாரும் சொல்லல