நினைவிழந்த நோயாளிக்கு யார் முடிவெடுப்பது?

கேள்வி: நோயாளி எதையும் எழுதி வைக்கவில்லை. வென்டிலேட்டரை எடுக்கச் சொல்கிறார் மகன், மகள் மறுக்கிறார். யார் சொல்வது செல்லும்?

பதில் 1: சட்டப்படி யார் பிரதிநிதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அவரும் தன் விருப்பத்தைச் சொல்லக் கூடாது, "இந்த நிலையில் அப்பா என்ன சொல்வார்?" என்பதே கேள்வி. அவர் முன்பு மறுத்த சிகிச்சைகள், சொன்ன வார்த்தைகள், எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறணும். எதுவுமே தெரியாவிட்டால்தான் 'நோயாளியின் நலன்' என்ற அளவுகோல்.

பதில் 2: இழுபறி என்றால் கெடு வைத்துச் சிகிச்சை கொடுங்கள். எது நடந்தால் முன்னேற்றம் என்று முதலிலேயே எழுதிவிடணும். இல்லாவிட்டால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கொஞ்சம் இறங்கியதும் "தேறிட்டார்" என்பார்கள், மூளை அப்படியே இருக்கும். சிறுநீரகம் பழுதானால் மிடாசோலம் என்ற மயக்க மருந்தின் தாக்கம் உடம்பில் தங்கும். அது இறங்காமல் நினைவைச் சோதிப்பது வீண்.

பதில் 3: குழாய் உணவும் சிகிச்சைதான், நிறுத்தலாம் என்று பிரிட்டனில் டோனி பிளாண்ட் என்ற, நினைவு திரும்பாத நோயாளியின் வழக்கில் 1993லேயே தீர்ப்பானது. வென்டிலேட்டரை எடுக்கும்முன் தசை தளர்த்தும் மருந்து முழுதாக நீங்கியிருக்கணும். இல்லையேல் மூச்சுத்திணறல் வெளியே தெரியாது, அந்தத் திணறலைத் தணிக்கத் தரும் மார்ஃபின் அளவையும் கணிக்க முடியாது.