மூளைச்சோர்வா, நெட்டயர்வா?

அன்புடையீர்,

தலையில் இலேசாக அடிபட்ட சிலரை மாதக்கணக்கில் விடாமல் பற்றிக்கொள்ளும் களைப்புக்கு 'மூளைச்சோர்வு' என்ற சொல்லை நண்பர் முன்மொழிந்திருந்தார். எளிய சொல்தான், ஆனால் 'மனச்சோர்வு' ஓர் உளநோயின் பெயராக நிலைத்துவிட்ட பின்னர், படிப்பவர் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார். அடிபட்டவருக்கு மனச்சோர்வும் வரக்கூடும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

'களைப்பு' என்றே விடலாமென்றால், அது எங்கள் இலங்கைப் பேச்சில் மூச்சு வாங்குவதையும் குறிக்கும். "களைக்குது டொக்டர்" என்று ஒருவர் சொன்னால் மருத்துவர் முதலில் நெஞ்சைத்தான் சோதிப்பார்.

இதில் எனக்குள்ள பிடிவாதத்துக்குக் காரணமுண்டு. சென்ற ஆண்டு காலி வீதியில் முச்சக்கரவண்டி சடுதியாக நின்றபோது, சாரதியின் ஆசனத்துக்குப் பின்னுள்ள கம்பியில் என் தங்கையின் நெற்றி மோதியது. மயக்கமில்லை, ஸ்கானிலும் ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழிந்த பின்னரும், காலையில் அச்சுப்படி இரண்டு பக்கம் திருத்தினாளென்றால் யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவாள். ஒழுங்கைக்குள் வரும் பாண் வண்டியின் பாட்டைக்கூட அவளால் தாங்க முடியாது. "தலை வேலை செய்யுதில்லை அக்கா" என்பாள். உடல் அலுப்பென்றால் ஓர் இரவுத் தூக்கத்தோடு போய்விடும். இதுவோ சிறு மூளையுழைப்புக்கே வந்து, மறுநாளும் நிற்கும். முன்னர் தன்பாட்டில் நடந்த கவனித்தலுக்கு இப்போது மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பது காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தூக்கக் குலைவும் அதனோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே 'அயர்வு' என்பதே என் தெரிவு. அயர்தலுக்குத் தளர்தல், மறத்தல் என இரு பொருளும் உண்டு. இந்த நிலையிலும் அவை பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. நீண்டகாலம் என்பதற்கு 'நாட்பட்ட' என்று எழுதினால் தீராது என்ற தொனி வந்துவிடுகிறது; பலர் காலப்போக்கில் தேறுகிறார்கள். பெருமூச்சைக் குறிக்கும் நெட்டுயிர்ப்புப் போல 'நெட்டயர்வு' என்று புணர்த்தலாம். 'தலைக்காயம்' என்றவுடன் இரத்தமும் தையலும் நினைவுக்கு வரும், இங்கே தோல்கூடக் கிழிய வேண்டியதில்லை என்பதால், முழுச்சொல்லைத் 'தலையடி நெட்டயர்வு' என்று அமைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அடிபட்டவரின் உணர்வுநிலைக்குப் புள்ளியிடும் கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை பெறும் அடி இலேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரமானது. 'மிதமான' என்பதைச் சிலர் முன்னதற்கும் சிலர் பின்னதற்கும் எழுதுவதால் அதை விட்டுவிட்டு 'இலேசான' என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் அது அடிபட்ட வேளையின் உணர்வுநிலையை அளந்து சொல்வதேயன்றி, பின்னால் வருவதைச் சொல்வதன்று. "இலேசான அடிதானே" என்று தங்கையிடம் சொல்லாத உறவினர் இல்லை.

நெட்டயர்வைத் தங்கையிடமே சொல்லிப் பார்த்தேன். "அயர்வு சரி, நெட்டு என்னத்துக்கு?" என்றாள். பேச்சுக்குத் 'தலையடி அயர்வு' போதும் என்றே எனக்கும் இப்போது படுகிறது. முழுச்சொல்லை மருத்துவக் குறிப்பில் மட்டும் எழுதலாம்.

வெள்ளவத்தை