புதுப்பிப்பு: முடிச்சுச் சாயம் ஏன் வெளுக்கிறது?

போன பதிவில் பருத்திப் பனியனை முடிச்சுப் போட்டுச் சாயமேற்ற, குளிர்முறை ரியாக்டிவ் சாயம் (கொதிக்க வைக்காமலே நூலோடு பிணையும் சாயம்) சொல்லியிருந்தேன்: 250 மில்லி தண்ணீருக்கு 8 கிராம் சாயப்பொடி, கறுப்புக்கு இரட்டிப்பு. முதல் துவைப்பிலேயே வெளுக்கிறது என்றவர்களுக்கு இது.

முதலில் சோடாவைப் பாருங்கள். ஆப்பச் சோடாவின் காரம் போதாது, சாயம் நூலோடு பிணையாது. சோடா ஆஷ்தான் (தண்ணீர் சேராத சோடியம் கார்பனேட் பொடி) வேண்டும்: லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம், சாயம் ஊற்றுமுன் துணி அதில் 20 நிமிடம் ஊறட்டும். கண்ணாடிக் கல் மாதிரி இருக்கும் சலவைச் சோடாவில் பாதிக்குமேல் தண்ணீர்தான். அதென்றால் 160 கிராம்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். சாயம் ஈரத்தில்தான் பிடிக்கும். மொட்டைமாடியில் போட்டால் ஓரம் சீக்கிரமே மொறமொறவென்று காய்ந்து, அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, நிழலில் 24 மணி நேரம் வையுங்கள். சாயத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி யூரியா கலந்தால் ஈரம் நிற்கும்.

தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் அதையே எடுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் நிறத்தை மங்கடிக்கும். முடிச்சோடு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், அவிழ்த்தபின் சுடுதண்ணீர். காரம் போகுமுன் சுடுதண்ணீரில் முக்கினால் வெள்ளையிலும் சாயம் ஏறிவிடும்.

பாலியஸ்டர் கலந்த துணியா? இந்தச் சாயத்தை அதில் வீணாக்க வேண்டாம்.