அப்பாவுக்குப் பொட்டாசியம் இறங்கவே இல்லை, போர் தண்ணீர் ஃப்ளோரைடும் ஒரு காரணமா?

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை இல்லை, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டு வருடமாக 2.4-ஐ ஒட்டியே நிற்கிறது. ஜனவரியிலிருந்து மூன்று முறை ரத்தம் எடுத்தோம்: பொட்டாசியம் 5.8, 6.2, 5.9. கால்சியம் 7.8, அது குறைவு. இ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாக உயர்ந்திருக்கிறதாம், பொட்டாசியம் கூடினால் அப்படித் தெரியுமாம். நாலு எட்டு நடந்தால் படபடப்பு, கால் தளர்ந்துவிடுகிறது.

இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் நிறுத்தியாயிற்று. பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய டெல்மிசார்ட்டான் என்ற பி.பி. மாத்திரையை டாக்டர் மாற்றிவிட்டார், பொட்டாசியத்தை இறக்கும் பவுடரும் கொடுக்கிறோம், ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்து தப்பாகக் காட்டுகிறதோ என்று வேறு லேபிலும் பார்த்துவிட்டோம்.

அப்புறம்தான் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஃப்ளோரைடு லிட்டருக்கு 3.4 மில்லிகிராம், 1.5-க்கு மேல் போகவே கூடாது. முப்பது வருடமாக அப்பா குடித்தது அதைத்தான், முதுகு குனிய வராது. ஒகேனக்கல் தண்ணீருக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது.

ஒரேயடியாக நிறைய ஃப்ளோரைடு உள்ளே போனால் அது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்று படித்தேன். அப்பாவுக்கு நடந்தது அந்த மாதிரி திடீர் விஷம் இல்லை, சரி. ஆனால் ஃப்ளோரைடை வெளியேற்றுவதே சிறுநீரகம்தான், அது பழுதானால் உடம்பில் தேங்கும், அதனால் இதைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

ரத்தத்திலும் சிறுநீரிலும் ஃப்ளோரைடு அளவு பார்க்கும் லேப் தருமபுரி, சேலம், பெங்களூரு பக்கம் எங்கே இருக்கிறது?