மோக்கா பாட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே,
பழைய மோக்கா பாட் (அடுப்பில் வைத்துக் காபி போடும் இத்தாலியப் பாத்திரம்) வாங்கிப் பழகுவோருக்கான செய்முறைக் குறிப்பில் ‘ஆவிக்காபிக் குடுவை’ என்று எழுதியிருக்கிறேன். உறுப்புகள்: அடிக்கலன், ஓரதர் (வால்வு), தூள்புனல், ரப்பர் வளையம், வடிதட்டு, மேற்கலன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

---

ஐயா, ‘ஆவி’ வேண்டாம். தூளைக் கடப்பது வெந்நீர். அடிக்கலனில் அடைபட்ட காற்றும் ஆவியும் சூட்டில் விரிந்து நீரை அழுத்த, அது புனலின் குழாய் வழியே மேலேறுகிறது. எஸ்பிரெசோவின் 9 பார் அழுத்தம் இங்கே கிடையாது. ஒன்று, ஒன்றரை பார்தான். நீர்மட்டம் குழாய்வாய்க்குக் கீழே இறங்கிய பிறகே ஆவி தூளுக்குள் புகும். களகளவென்று சத்தம் வருவதும், காபி கசப்பதும் அப்போதுதான். அந்தச் சத்தம் தொடங்கும்போதே அடுப்பிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டு, பெயரில் ஆவியை வைக்கலாமா?

‘ஏற்றுக்கெண்டி’ என்பேன். மூக்கு வைத்த பாத்திரம் கெண்டிதானே.

---

‘ஏறுவடி’ இன்னும் சுருக்கம். நம் பில்டரில் டிகாக்ஷன் கீழே இறங்குகிறது, இதில் மேலே ஏறுகிறது. வேறுபாடு பெயரிலேயே தெரியும்.

---

வடிதல் என்றாலே கீழ்நோக்கித்தானே அம்மா? ‘ஏறுவடி’ காதில் ஒட்டவில்லை. ஏற்றுக்கெண்டிக்கே என் வாக்கு. ‘மோக்கா’வை முன்னால் விட்டுவைப்போம், 1933இல் இத்தாலியில் பியாலெட்டி என்பவர் கொண்டுவந்த நாளிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

என் சண்டை ‘ஓரதர்’ மீது. அது ஒருவழி வால்வுக்குப் பொருந்தும். இங்கே இருப்பது மிகை அழுத்தத்தை வெளியேற்றும் சேஃப்டி வால்வு; குக்கர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். பழைய பாத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். நடுவில் தண்டு உள்ள வகையென்றால், அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். உப்புப் படிந்து இறுகியிருந்தால் வால்வையே மாற்றுங்கள். வால்வு அடைத்திருக்க, சிக்கரி கலந்த நைஸ் தூளை அமுக்கி நிரப்பினால் அழுத்தம் போக வழியே இல்லை. பாதுகாப்பு விஷயத்தில் வாசகரை அகராதி தேட விடக்கூடாது.

‘3 கப்’ என்பதையும் விளக்குங்கள். மூன்று டம்ளர் அல்ல, கப்புக்கு 40, 50 மில்லிதான். தூள் ஏறத்தாழ 15 முதல் 17 கிராம். விளிம்புவரை நிரப்பி விரலால் சமப்படுத்தினால் போதும், அமுக்கக் கூடாது. அரைப்பு பொடியுப்பு அளவில் இருக்கட்டும். தண்ணீர் வால்வுக்குச் சற்றுக் கீழே வரை. சுடுநீராக ஊற்றினால் தூள் வீணாய்க் காய்ந்து கருகாது. ஆனால் அடிக்கலனைத் துணியால் பிடித்துத்தான் முறுக்க வேண்டும். தீ சிறிதாக.

---

ஏற்றுக்கெண்டி சரி, சேஃப்டி வால்வும் சரி. ‘ரப்பர் வளையம்’ மட்டும் ‘வாஷர்’ ஆகட்டும், கடையில் அப்படித்தான் கேட்பார்கள். கப் அளவுக்கு அளவு வாஷர் மாறும் என்பதையும் சேர்க்கவும். வாஷர் இறுகி வெடித்திருந்தால் மரைவழியே ஆவி கசியும், மேலே சொட்டுத்தான் வரும். ‘மரை’க்குப் புதுச்சொல் யாரும் தேடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.