ஜெனரேட்டர் டிராலியை இழுக்கப் பழைய டீசல் பிக்கப்: எதை வாங்கலாம்?

கேள்வி: திருவொற்றியூர் ஜெனரேட்டர்

வணக்கம். திருவொற்றியூரில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். 62.5 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று நான்கு சக்கர டிராலியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. டீசல் நிரப்பி எடை மேடையில் ஏற்றியபோது மொத்தம் 2,240 கிலோ வந்தது. திருமணம், கோயில் திருவிழா, மணலித் தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பணி என எந்த அழைப்பு வந்தாலும் டிராக்டரைத்தான் வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முகூர்த்த நாள்களில் டிராக்டர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வருமானத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது.

எனவே ஐந்து முதல் ஏழு லட்ச ரூபாய்க்குள் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். எண்ணூர், மணலி புதுநகர், மீஞ்சூர், எப்போதாவது பழவேற்காடு வரை ஓட்டம் இருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும் தேவையில்லை. இப்போது பார்வையில் இருப்பவை மூன்று: 2018ஆம் ஆண்டு பொலேரோ பிக்கப், அதே ஆண்டு டாடா யோதா, 2017ஆம் ஆண்டு இசுசு டி-மேக்ஸ் ஒற்றை கேபின். டி-மேக்ஸில் 320 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுப்புக்கான முறுக்குவிசை உண்டு என்று தரகர் உறுதியாகச் சொல்கிறார். மூன்றில் எது சரியாக இருக்கும்?

பதில்: மணலி மெக்கானிக்

ஐயா, நீங்கள் இழுவிசையைக் கேட்கிறீர்கள். நான் பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் குறிப்பிடும் பிக்கப்புகளின் வெற்று எடை பொதுவாக இரண்டு டன்னுக்குள் அடங்கிவிடும். உங்கள் டிராலியோ 2,240 கிலோ. அதாவது இழுக்கப்படுவது இழுப்பதைவிடக் கனமானது. சமதரையில் இந்த எடையை நகர்த்த இம்மூன்றில் எதுவுமே போதும். ஆனால் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி திடீரென நின்றால், பிரேக் இல்லாத டிராலி பின்னாலிருந்து தள்ளி, பிக்கப்பின் பின்பகுதியைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். டிராக்டர் மெதுவாகப் போவதாலும் அதன் பின் சக்கரங்கள் கனமானவை என்பதாலும் இந்த ஆபத்து இதுவரை உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் டிராலிக்கு ஓவர்ரன் பிரேக் பொருத்த முடியுமா என்று பாருங்கள். முன்வண்டி வேகம் குறையும்போது டிராலியின் இழுவைத் தண்டு உள்ளே நகர்ந்து டிராலிச் சக்கரங்களின் பிரேக்கைத் தானாகவே அழுத்தும் எளிய அமைப்பு அது. அதை ஏற்க டிராலியின் அச்சு இடங்கொடுக்கவில்லை என்றால், பிக்கப் யோசனையையே தள்ளிவைப்பது நல்லது.

அடுத்தது, நான்கு சக்கர டிராலி தன் எடையைத் தானே சுமந்துகொள்வதால் பிக்கப்பின் ஹூக்கில் கீழ்நோக்கிய அழுத்தம் அநேகமாக இருக்காது. வெற்றுப் பிக்கப்பின் பின் சக்கரங்கள் லேசானவை. மழையில் பிரேக் பிடித்தால் முதலில் வழுக்குபவை அவைதான். உங்கள் கேபிள் சுருள்கள் எப்படியும் உடன் வர வேண்டியவை என்பதால், அவற்றைப் பின் அச்சுக்கு நேர் மேலே, சற்று முன்தள்ளி அடுக்குங்கள். ஹூக்கை பம்பரில் பற்றவைக்காமல் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் இழுவைத் தண்டுக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்ல வேண்டும்.

தயாரிப்பு நிறுவனம் இழுவைக்கு எவ்வளவு எடையை அனுமதிக்கிறது என்பதை உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். அதில் இல்லையென்றால் சேவை மையத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். மேலே ஏற்றும் சுமைக்கான கணக்கு வேறு, பின்னால் இழுக்கும் எடைக்கான கணக்கு வேறு.

பதில்: மாதவரம் லாரிக்காரர்

டி-மேக்ஸ் பற்றித் தரகர் சொல்வது தவறு. 320 நியூட்டன் மீட்டர் என்பது அக்காலத்து டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியின் 134 குதிரைத்திறன் கொண்ட 2.5 லிட்டர் இன்ஜினுக்கு உரியது. அதே காலத்து ஒற்றை கேபின் டி-மேக்ஸிலும் 2.5 லிட்டர் இன்ஜின்தான் என்றாலும் அது வேறு இன்ஜின். 78 குதிரைத்திறனும் 176 நியூட்டன் மீட்டரும் மட்டுமே தரும். பொலேரோ பிக்கப் 195, யோதாவின் 3 லிட்டர் இன்ஜின் 250. பெயரும் லிட்டரும் ஒன்றாக இருப்பதால் இப்படிச் சொல்லி விற்பது சந்தையில் வழக்கமாகிவிட்டது. உங்கள் பட்டியலில் யோதாவுக்கே என் வாக்கு. ஆனால் மாடலைவிட வண்டியின் நிலைமைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். டீசல் புகைவடிகட்டி உள்ள வண்டிகளில், சேர்ந்த கரி எரிந்து தீர வடிகட்டி நன்றாகச் சூடேற வேண்டும். அதற்குத் தடையில்லாத நீண்ட ஓட்டம் தேவை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே? நீங்கள் பார்க்கும் 2017, 2018 வண்டிகள் பிஎஸ்-4 என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இதே ஊர்தலால்தான் கிளட்ச் சீக்கிரம் தேயும். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாம், நான்காம் கியரில் குறைந்த வேகத்தில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். இன்ஜின் சுற்று ஏறியும் வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பின் அச்சின் கிரவுன் பினியன் (சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் பல்சக்கரங்கள்) ஊளையிடுகிறதா என்பதை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டும் பிடித்தும் கேளுங்கள். பாட்டைப் போட்டுவிட்டு ஓட்டிக் காட்டும் விற்பனையாளரிடம் முதலில் அதை அணைக்கச் சொல்லுங்கள்.

பதில்: காசிமேடு வாசி

இன்ஜினைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள்; நான் துருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வடசென்னையில் விற்பனைக்கு வரும் பிக்கப்புகளில் மீன் ஏற்றியவை நிறைய உண்டு. பனிக்கட்டி உருகி மீனின் உப்புநீரோடு கலந்து, தொட்டியின் தரை இடுக்குகள் வழியே சேஸிஸின் மேல் நாள் முழுவதும் சொட்டும். புதுப் பெயின்ட் அடித்து, உள்ளே வாசனைத் திரவம் தெளித்துக் கொண்டுவருவார்கள். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளைந்து மேலேறும் இடத்தையும், பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் தாங்கிகளின் மேற்பக்கத்தையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உப்பு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். பெயின்ட்டோடு சேர்த்து ஏடு ஏடாகத் துரு உதிரும். ஹூக்கின் முழு இழுப்பையும் தாங்கப் போவது இந்தச் சட்டங்கள்தான் என்பதால், மற்ற வேலைக்கு வாங்குபவர் மன்னிக்கக்கூடிய துருவை நீங்கள் மன்னிக்கக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது நினைவிருக்கும். அப்போது மூழ்கிய வண்டியா என்று அறிய, இருக்கையின் தண்டவாளத்தையும் முகப்பு விளக்கின் உட்புறத்தையும் பாருங்கள். சேற்றுக் கோடு எங்காவது மிஞ்சியிருக்கும். பின் அச்சின் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்த்தால், தண்ணீர் புகுந்திருந்தால் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும்.

பதில்: கொருக்குப்பேட்டை பந்தல் வேலை

இழுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பழைய டாடா 407 சிறு லாரி ஒன்றை வாங்கி ஜெனரேட்டரை அதன் மேலேயே பொருத்திவிடுங்கள். டிராலி எடை குறையும், பிரேக் கவலை தீரும், சந்துக்குள் பின்னோக்கி எடுப்பதும் எளிது. நான்கு சக்கர டிராலியைப் பின்னோக்கித் தள்ளிப் பழகாத ஓட்டுநர் தெருவையே அடைத்துவிடுவார்.

மறுமொழி: திருவொற்றியூர் ஜெனரேட்டர்

அனைவருக்கும் நன்றி. 407 யோசனை நல்லதுதான். ஆனால் திருவிழா வேலைகளில் ஜெனரேட்டர் இரவு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும், வண்டி அந்நேரத்தில் வேறு சாமான்களை ஏற்றப் போக வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் அது முடியாது. டிராலியின் பின் அச்சில் டிரம் பிரேக் பொருத்த இடம் இருப்பதாகப் பட்டறையில் சொல்லிவிட்டார்கள். டி-மேக்ஸை விட்டுவிட்டேன். யோதாவைப் பார்க்கப் போகிறேன். பத்திரங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தண்டையார்பேட்டை காப்பீட்டு முகவர்

பிக்கப்பின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) சரக்கு வாகனம் என்று இருக்கிறதா, கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை செல்லும் என்ற மூன்றையும் பாருங்கள். சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், 2018ஆம் ஆண்டு வண்டி என்பதால் அந்தச் செலவையும் விலையில் பேசிக் குறைக்கலாம். பலரும் விட்டுவிடுவது டிராலியைத்தான். சட்டப்படி அதுவும் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனம். பிக்கப்பின் பாலிசியில் டிராலியைத் தனியாகக் குறிப்பிட்டு அதற்கும் பிரீமியம் கட்டுங்கள். இல்லையென்றால் டிராலி மோதி யாருக்காவது காயம் ஏற்படும்போது காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்க வழியுண்டு.

பதில்: மணலி மெக்கானிக்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரேக் பொருத்தி முடித்த பின், விலை பேசுவதற்கு முன், டிராலியைத் தற்காலிக ஹூக்கில் மாட்டி ஆளில்லாத தொழிற்சாலைச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க விற்பனையாளரிடம் அனுமதி கேளுங்கள். சரிவில் நிறுத்திப் புறப்படும்போது கிளட்ச் வாடை வருகிறதா, ரேடியேட்டர் சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். வண்டியை நிறுத்தியதும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். புகை விட்டு விட்டுக் குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த வண்டிக்கு எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.